தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு விசாரணையை நேரில் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வழக்கு எதுவும் இல்லை, சாட்சியும் இல்லை. விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்க மட்டும் கோர்ட்டுக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். குற்றவியல் வழக்கு நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் இருக்கும் அளவுக்குப் பொதுமக்கள் உள்ளே வரலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 327-ஆவது பிரிவு. சிவில் வழக்குகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவு அதையே சொல்கிறது.

அனுமதி இருந்தும் முதல்முறை போகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புவதைப் பார்க்கிறேன். தவறான நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், அல்லது விசாரணையே இல்லாத நாளில் போகிறார்கள். இரண்டும் சரியாக அமைந்தால், சாட்சி கூண்டில் ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் எழுந்து வந்துவிடுகிறார்கள். “எல்லாமே வாய்தாதான், வேறு ஒன்றும் இல்லை” என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் அந்த ஏமாற்றம் வராது.

1. எந்த நீதிமன்றம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகத்தான் முதலில் ஆசை வரும். 1892-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் அப்படி இழுக்கும். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் மேல்முறையீடும் அரசின் செயலை எதிர்த்துப் போடும் ரிட் மனுக்களும். சாட்சி வருவது அரிது. வாதம் ஆங்கிலத்தில், பக்க எண்களைச் சொல்லிச் சொல்லிப் போகும். கையில் அந்த வழக்குக் காகிதக் கட்டு இல்லாத பார்வையாளருக்கு எதுவும் பிடிபடாது. மதுரைக் கிளையிலும் இதே நிலைதான்.

முதல்முறைக்குச் சரியான இடம் உங்கள் ஊர் மாவட்ட ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். சாட்சியம் பதிவாவது அங்கேதான், அதுவும் தமிழில். ஒரே வளாகத்தில் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்), சார்பு நீதிமன்றம், மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம் எல்லாம் இருப்பதால், ஓர் இடத்தில் வேலை இல்லையென்றால் பக்கத்து அறைக்குப் போய்க்கொள்ளலாம்.

இவற்றில் அமர்வு நீதிமன்றத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கொலை, கொலை முயற்சி போன்ற பெரிய வழக்குகள் அங்கே வரும். சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து முழுமையாகப் பேசுவார்கள். நடுவர் நீதிமன்றத்தில் கூட்டமும் சத்தமும் அதிகம், ஒரு வழக்குக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. அங்கே போவதென்றால் காசோலை வழக்கு விசாரணை இருக்கிற நாளாகப் பாருங்கள். ஒரு காசோலை, ஒரு கையெழுத்து, ஒரு கடன் என்று விஷயம் சின்னதாக இருக்கும். “அவ்வளவு பணம் கடன் கொடுக்க உங்களிடம் எப்படி வந்தது?” என்று வக்கீல் கேட்கத் தொடங்கியதும் வழக்கு எங்கே போகிறது என்பது புதியவருக்கும் புரிந்துவிடும்.

2. பார்க்க முடியாத வழக்குகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

பாலியல் வன்முறை வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடக்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளும் அப்படியே. சிறார் நீதிக் குழுமத்தின் பக்கம் போகவே வேண்டாம். குடும்ப நல நீதிமன்றத்தில் கணவன், மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே மூடிய அறைதான். கேட்காவிட்டாலும் அங்கே போய் உட்காராதீர்கள் என்றுதான் சொல்வேன். தன் திருமணம் முறிந்ததை நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, பின்பெஞ்சில் தெரியாத முகம் ஒன்று வேண்டியதில்லை.

யாராவது ஒருவரின் ரகசிய வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்யும்போது அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். வேறு எந்த வழக்கிலும், எந்தக் கட்டத்திலும், பொதுமக்களையோ குறிப்பிட்ட ஒருவரையோ வெளியே இருக்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மேலே சொன்ன அதே 366-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தையும் தருகிறது. வெளியே போகச் சொன்னால் காரணம் கேட்காமல் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த வழக்கோடு தொடர்புடைய யாரையாவது உங்களுக்குத் தெரியும், நாளை நீங்களே சாட்சியாக வரக்கூடும் என்றால் அந்த அறைக்குள் போகவே கூடாது. மற்றவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்லும் சாட்சியத்துக்கு மதிப்புக் குறையும். உங்கள் ஆர்வம் ஒருவருடைய வழக்கைக் கெடுத்துவிடும்.

3. பட்டியலைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீதிமன்றங்களின் அதிகாரபூர்வ இகோர்ட்ஸ் இணையதளத்தில் ‘காஸ் லிஸ்ட்’ (அன்றைய வழக்குப் பட்டியல்) என்ற பகுதி இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வளாகம், நீதிமன்றம், தேதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, சிவிலா கிரிமினலா என்று அழுத்தினால் அன்றைய வழக்குகள் வரும்.

பட்டியலில் வழக்கு எண்ணை விட, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சம்மன் நிலுவை, ஆஜர், பதில் மனு என்று இருந்தால் அன்று வாய்தா மட்டும்தான். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு என்று இருக்கிறவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளும் உதவும். எஸ்.சி. என்றால் அமர்வு வழக்கு. சி.சி. என்றால் நடுவர் நீதிமன்றக் குற்ற வழக்கு. ஓ.எஸ். என்றால் அசல் சிவில் வழக்கு. எம்.சி.ஓ.பி. என்றால் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு. ஈ.பி. என்றால் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, பார்வையாளருக்கு அதில் ஒன்றும் இருக்காது.

சிவில் வழக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சாட்சியை அழைத்த தரப்பே அவரிடம் கேட்கும் முதல் விசாரணை இப்போது வாய்மொழியாக நடப்பதில்லை. சாட்சி தான் சொல்ல வேண்டியதை நிரூபண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிடுவார், நீங்கள் கேட்பது குறுக்கு விசாரணையை மட்டும்தான். பாதிக் கதையிலிருந்து கேட்பதாகத் தோன்றும். அதனால்தான் முதல்முறைக்குக் குற்ற வழக்கு நல்லது.

நாள் விஷயத்தில் மூன்றைச் சரிபாருங்கள். மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு அறிவித்த நாளில் விசாரணை நடக்காது, முந்தைய நாள் செய்தியைப் பாருங்கள். நீதிபதி விடுப்பில் இருந்தால் பொறுப்பு நீதிபதி வெறும் தேதி மட்டும் கொடுப்பார். இது காலையில் அங்கே போய்க் கேட்டால்தான் தெரியும். எனவே ஒரே ஒரு வழக்கை நம்பிப் போகாமல், இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு மூன்று வழக்குகளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

4. என்ன உடுத்துவது, என்ன கொண்டு போவது

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் வேண்டாம். பெண்களும் வெள்ளை, கறுப்புச் சேர்க்கையைத் தவிர்க்கலாம். உங்களை ஜூனியர் வக்கீல் என்று நினைத்து முன்வரிசை நாற்காலியைக் காட்டுவார்கள், யாராவது வழக்குக் கட்டையும் கையில் திணிப்பார்கள். வேட்டி, சேலை, சாதாரணச் சட்டை எதுவும் சரி. அரைக்கால் சட்டை, லுங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

கையில் ஓர் அடையாள அட்டை, சின்ன நோட்டு, பேனா போதும். பெரிய பை இருந்தால் வாசலில் சோதனைக்கே நேரம் போகும். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் பாதுகாப்பு வளையம் கடுமையாக இருக்கும், நுழைவு நடைமுறையை முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிவர வேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எப்போது கூண்டில் ஏறுவார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.

செல்போனை அறைக்கு வெளியே இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். சைலன்ட்டில் வைப்பது போதாது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பதிவு செய்கிறீர்களோ என்ற சந்தேகம் வரும். அனுமதியில்லாமல் படமோ குரலோ பதிவு செய்தால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரைக்கும் போகலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு ஆறு மாதம் வரை வெறுங்காவல் உண்டு. உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை 2022 முதல் நேரலையில் காட்டுகிறது என்பதால் எல்லா நீதிமன்றத்திலும் வீடியோ எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நீதிமன்றமே செய்யும் ஒளிபரப்பு.

5. வாசலிலிருந்து இருக்கை வரை

பத்து மணிக்கே போய்விடுங்கள். வேலை பத்தரைக்குத் தொடங்கும் என்றாலும், அந்த அரைமணி நேரத்தில்தான் நீதிபதிக்கு முன்னால் உட்காரும் பெஞ்ச் கிளார்க்கிடமோ, வாசலில் பெயரைக் கூப்பிடும் ஊழியரான டவாலியிடமோ பேச முடியும். நீதிபதி அமர்ந்த பிறகு அவர்கள் உங்கள் பக்கம் திரும்பவே முடியாது.

கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். “ஐயா, விசாரணை பார்க்க வந்திருக்கிறேன். எனக்குக் கேஸ் எதுவும் இல்லை. பின்னால் உட்காரலாமா?” அப்புறம், “இன்றைக்குச் சாட்சி விசாரணை இருக்கிறதா?” சாட்சி வந்திருக்கிறாரா என்பது கிளார்க்குக்குத்தான் முதலில் தெரியும். அன்று அந்த அறையில் விசாரணை இல்லையென்றால் எந்த அறையில் இருக்கிறது என்றும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

வராந்தாவில் யாராவது வந்து, “என்ன கேஸ்? வக்கீல் வேணுமா?” என்று கேட்கலாம். “இல்லைங்க, பார்க்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உள்ளே உட்கார யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அறைக்குள் முன்வரிசை நாற்காலிகள் வக்கீல்களுக்கு. பொதுமக்களுக்குப் பின்னால் பெஞ்சு இருக்கும். கதவுக்குப் பக்கத்து ஓரத்தில் உட்காருங்கள், எழுந்து போவதானால் யாரையும் தாண்ட வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் பக்கமும் காவலர்கள் நிற்கும் பக்கமும் வேண்டாம். பெயர் கூப்பிடும்போது நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று நினைத்துவிடுவார்கள்.

நீதிபதி வரும்போது எழுந்து நின்று, அவர் அமர்ந்த பிறகு உட்காருங்கள். நடுவில் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் நீதிபதியின் இருக்கையை நோக்கி லேசாகத் தலை வணங்குவது வழக்கம். கால் மேல் கால் போடாதீர்கள், வாயில் எதையும் மெல்லாதீர்கள். கிசுகிசுப்பதும் வேண்டாம். சாட்சி சொல்வதைத் தட்டச்சர் கேட்டு அடிக்க வேண்டும், பின்பெஞ்சுச் சத்தம் அவரைத்தான் முதலில் தொந்தரவு செய்யும்.

புதிய முகத்தைப் பார்த்து நீதிபதியே “நீங்க யாரு?” என்று கேட்கக்கூடும். பதற வேண்டாம். எழுந்து நின்று, “விசாரணை பார்க்க வந்திருக்கேன் ஐயா” அல்லது “அம்மா” என்று சொன்னால் போதும். மாணவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கேட்டதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

6. காலை அழைப்பு முடியும் வரை பொறுமையாக இருங்கள்

முதல் ஒரு மணி நேரம், சில இடங்களில் இன்னும் அதிகமாக, வழக்குகளைக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள். கிளார்க் எண்ணைச் சொல்வார், டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார், ஒருவர் ஓடி வந்து நிற்பார், வக்கீல் ஒரு மெமோவை நீட்டுவார், நீதிபதி தேதி சொல்வார். அடுத்த எண். புதியவர்கள் எழுந்து போவது இந்தக் கட்டத்தில்தான்.

இதை ஏன் முதலில் செய்கிறார்கள்? அன்று வந்திருக்கிற எல்லாரையும் மாலை வரை காக்கவைக்க முடியாது. யார் வந்தார், எது இன்றைக்கு நடக்கும், எது தள்ளிப்போகும் என்று பிரித்த பிறகுதான் விசாரணைக்கு நேரம் ஒதுக்க முடியும். வக்கீல் வேறு அறையில் இருக்கிறார் என்றால் ‘பாஸ் ஓவர்’ கேட்பார்கள். அந்த வழக்கைக் கடைசியில் மறுபடி கூப்பிடுவார்கள். நீங்கள் குறித்துவந்த வழக்கு பாஸ் ஓவர் ஆனால் நல்ல செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது அன்றைக்கு நடக்கும்.

இந்த நேரத்தைச் சும்மா விடாமல் ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அரசுத் தரப்பு வக்கீல் யார், தட்டச்சர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், கையில் கட்டோடு நிற்கும் கோர்ட் காவலர் யார், சாட்சிக் கூண்டு எந்தப் பக்கம். பிறகு விசாரணை தொடங்கும்போது யார் பேசுகிறார்கள் என்று தேட வேண்டியிருக்காது.

7. சாட்சி விசாரணையைப் பின்தொடருங்கள்

கிளம்பி வந்ததே இதற்காகத்தான். சாட்சி கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னதும் முதலில் அவரை அழைத்த தரப்பு கேட்கும். அது முதல் விசாரணை. இதில் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. அடுத்து எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. அதில் அப்படிக் கேட்கலாம். தேவைப்பட்டால் மறு விசாரணையும் உண்டு.

குற்ற வழக்கில் சாட்சிகளுக்கு ஒரு வரிசை இருக்கும். புகார் கொடுத்தவர், நேரில் பார்த்தவர்கள், மகஜர் (காவல்துறை எழுதும் சம்பவ இட, பறிமுதல் பதிவு) சாட்சிகள், மருத்துவர், கடைசியில் புலனாய்வு அதிகாரி. கிராம நிர்வாக அலுவலரும் பல வழக்குகளில் வருவார். அரசுத் தரப்புச் சாட்சிகளை அ.சா.1, அ.சா.2 என்று எண்ணால்தான் சொல்வார்கள், நோட்டில் நீங்களும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கூண்டில் இருப்பவர் எத்தனையாவது சாட்சி என்று தெரிந்தால், வழக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

விசாரணை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று தோன்றும். காரணம் எளிது. சாட்சி பேச்சுத் தமிழில் சொல்வதை நீதிபதி எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சருக்குச் சொல்கிறார். கேள்வியும் பதிலும் சேர்ந்து, சாட்சியே சொன்ன ஒரே வாக்கியமாகப் பதிவாகும். உதாரணமாக, குறுக்கு விசாரணை இப்படிப் போகலாம்:

“அந்தத் தெருவுல லைட்டே கிடையாது. நீங்க எதையும் பார்க்கல. போலீஸ் சொல்லிக்கொடுத்ததை வந்து சொல்றீங்கன்னு சொல்றேன்.”

“அதெல்லாம் இல்லீங்க.”

நீதிபதி தட்டச்சரிடம் சொல்வது: “சம்பவ இடத்தில் தெருவிளக்கு இல்லை என்றும், நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும், காவல்துறையினர் சொல்லிக்கொடுத்தபடி பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.”

அந்தக் கடைசி இரண்டு சொற்களைத் தவறவிடாதீர்கள். “சொன்னால் சரியல்ல” என்று முடிந்தால், வக்கீல் வைத்த கூற்றைச் சாட்சி மறுத்துவிட்டார் என்று பொருள். புதிதாக வருபவர்கள் வக்கீல் சொன்னதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு, “பார்த்தாயா, சாட்சி பொய் சொல்லி மாட்டிக்கொண்டார்” என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு என்ன என்பதை அவருடைய வக்கீல் சாட்சியின் முன் வைத்தாக வேண்டும், வைக்காமல் விட்டால் பிறகு வாதத்தில் அதைச் சொல்வது கடினம். அதனால்தான் கடைசியில் இந்த மறுப்புகள் வரிசையாக வரும். குறுக்கு விசாரணை முடியப்போகிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

மாறாக, “சரிதான்” என்று பதிவாகிற இடங்களைக் கவனியுங்கள். புகாரில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்றால் சரிதான், சம்பவ இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்றால் சரிதான். சத்தமில்லாமல் வந்து போகும் இந்த ஒப்புதல்களை வைத்துத்தான் வாதம் கட்டப்படும். மேசையைத் தட்டிக் கேட்கும் கேள்வியை விட, தாழ்ந்த குரலில் தூரத்தையும் நேரத்தையும் கேட்கிற கேள்வியில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

சில நாள் சாட்சி கூண்டில் ஏறி, “எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்லிவிடுவார். அரசுத் தரப்பு அனுமதி கேட்டு, அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதித் தானே குறுக்கு விசாரணை செய்யும். அவரைப் பார்த்து முகம் சுளிக்கவோ சிரிக்கவோ வேண்டாம். அவர் ஏன் மாறினார் என்பது பின்பெஞ்சில் இருக்கும் நமக்குத் தெரியாது. அவர் சொன்னதில் எந்தப் பகுதியை நம்பலாம் என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

முடிந்ததும் பதிவானதைப் படித்துக் காட்டிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதுவரை இருந்துவிட்டு எழுந்திருங்கள்.

8. உணவு இடைவேளையில் வாயை மூடிக்கொள்ளுங்கள்

உள்ளே சரியாக நடந்துகொண்டவர்கள்கூடத் தவறுவது இங்கேதான். சாட்சிகளை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவதற்குக் காரணமே, ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான். அந்த அடுத்தவர் வராந்தாவில், நீங்கள் டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். “ஐந்து மணி என்றார், ஆனால் புகாரில் ஏழு மணி” என்று நீங்கள் நண்பரிடம் சொன்னால் அது அவர் காதிலும் விழும். வளாகத்தை விட்டு வெளியே போன பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

சாட்சியிடமோ, குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்திடமோ, பாதிக்கப்பட்டவர்களிடமோ வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். வக்கீலிடம் கேட்கலாம், ஆனால் அவர் கையில் கட்டு இல்லாத நேரமாகப் பாருங்கள். “இந்தக் கட்டத்துக்கு அடுத்து என்ன?” என்று நடைமுறையைக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். “இவர் செய்தாரா இல்லையா?” என்று கேட்டால் பதில் வராது.

நோட்டில் குறிப்பு எடுக்கலாமா என்று காலையிலேயே கிளார்க்கிடம் கேட்டுவிடுவது நல்லது. எழுதுவதைப் பார்த்து, வெளியே இருக்கிற சாட்சிக்குத் தகவல் போகிறதோ என்று ஒரு தரப்பு ஆட்சேபிக்கலாம். வேண்டாம் என்றால் மூடி வைத்துவிடுங்கள்.

9. அதே வழக்கைத் தொடருங்கள்

ஒவ்வொரு முறையும் புது வழக்கைத் தேடுவதை விட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவு வரை போவதில்தான் பலன் அதிகம். வழக்கு எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டால் போதும். இகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதைச் சேமித்து வைத்தால் அடுத்த வாய்தா தேதி, எந்தக் கட்டம் என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரியும்.

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், அவர்கள் சொன்னதைப் பற்றி நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடமே நேரடியாகக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. பலரும் இதைத் தவறவிடுவார்கள். அதுவரை மௌனமாக நின்றவர் தன் குரலில் பதில் சொல்வது அன்றைக்குத்தான். அதன் பிறகு எதிர்த்தரப்புச் சாட்சிகள் இருந்தால் அவர்கள், அப்புறம் வாதம். நீங்கள் குறித்து வைத்த “சரிதான்”களில் எவை வாதத்தில் வருகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்ப்பு நாளில் கூட்டம் இருக்கும், இரு தரப்புக் குடும்பங்களும் வந்திருப்பார்கள், காவலர்களும் அதிகம் இருப்பார்கள். இடம் நெருக்கடியாக இருந்தால் உங்கள் இருக்கையை அவர்களுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நில்லுங்கள். குற்றவாளி என்று முடிவானால் தண்டனையை உடனே சொல்லிவிட மாட்டார்கள். தண்டனை பற்றி அவர் சொல்ல விரும்புவதைக் கேட்ட பிறகே சொல்வார்கள், அது மதியத்துக்கோ வேறு நாளுக்கோ போகலாம். தீர்ப்பின் முழு வாசகத்தை அன்று படிக்க மாட்டார்கள், முடிவை மட்டும் சொல்வார்கள். தீர்ப்பு இகோர்ட்ஸில் ஏறியதும், நீங்கள் நேரில் கேட்ட சாட்சியத்தை நீதிபதி எந்தப் பத்தியில் எடுத்திருக்கிறார், எதை ஒதுக்கியிருக்கிறார் என்று உங்கள் குறிப்பை வைத்துக்கொண்டு படியுங்கள்.